தடைக்காலத்தில் அப்பாவுக்கு வாசித்த புத்தகங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகவில்லை என்றால் ஐஸ் கம்பெனியில் வேலை இல்லை. மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மற்ற நாட்களில் எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் கட்டி ஏறியது, யார் பேரில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதியே பொழுது போய்விடும். தடைக்காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். வருஷத்தில் நான் படிப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மாதத்தில் படிப்பதுதான்.

கதைப் புத்தகத்தில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. வரலாறு, தன்வரலாறு, அறிவியல், ஊர் வழக்கங்கள் பற்றிய கட்டுரைகள், இவைதான் பிடிக்கும். இந்த வருஷம் அப்பாவுக்கும் சேர்த்து வாய்விட்டு வாசித்தேன். அப்பா சங்கு குளித்தவர். கண்ணில் கண்ணாடி, காலில் அலுமினியத் தகடு, இடுப்பில் வலைப்பை, இவ்வளவோடு முப்பது வருஷம் மூச்சடக்கிக் கடலுக்குள் போய் வந்தார். இப்போது இரண்டு காதும் மந்தம். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தால்தான் அவருக்குப் போய்ச் சேரும். அப்படி வாசிக்கும்போது ஒன்று புரிந்தது. மனசுக்குள் படித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும் வெற்று வாக்கியம், வாய்விட்டு வாசித்தால் நாக்கில் தட்டுகிறது.

அப்பாவிடம் ஒரு கேள்வி உண்டு. யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்: "பாத்தியா, கேட்டியா?" 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் இருந்த பன்னிரண்டு வயசுப் பையன் அவர். புயலுக்குப் பிறகு தங்கியிருந்த இடத்தில் ஆளுக்கொரு சேதி சொன்னார்களாம். அப்பாவின் அத்தை போய்விட்டார் என்று யாரோ சொல்ல, வீடே அழுது ஓய்ந்தது. நாலாம் நாள் அத்தை நடந்து வந்து நின்றார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி. கேட்டதாக இருந்தால் அதில் தப்பில்லை, யாரிடம் கேட்டாய் என்று சொல்லிவிட வேண்டும். இந்த வருஷம் படித்ததையெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்.

முதலில் எடுத்தது அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. 1999-ல் அருண் திவாரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதியது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் இதன் தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கும். முதல் அத்தியாயங்களை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அலுக்காது. யுத்த காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்ததும், சிறுவன் கலாம் அதைப் பொறுக்கி மசூதித் தெருக் கடையில் கொடுத்து ஒரு நாளைக்கு ஓரணா வாங்கியதும் அதில் இருக்கிறது. ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனதால் பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அவற்றைப் பிடிக்க, ஊரில் பத்திரிகை போடும் அவருடைய உறவினர் சம்சுதீனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. அதுதான் கலாமின் முதல் சம்பளம். இதெல்லாம் பார்த்தவர் எழுதியது, வாசிக்கும்போதே தெரிகிறது. பின்பாதியில் ராக்கெட்டும் ஏவுகணையும் வந்ததும் குழுக்களின் பெயரும் பதவிகளும் வரிசையாக வர, ஆபீஸ் கோப்பைப் புரட்டுவது போல் ஆகிவிடுகிறது. 1979-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதல் தடவை கடலில் விழுந்ததைச் சொல்லும் பக்கங்கள் மட்டும் தனி. அங்கே மறுபடி அந்த ராமேஸ்வரத்துப் பையன் பேசுகிறார்.

ஒரு இடத்தில் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். கலாமுக்கு ஆறு வயசாக இருந்தபோது அவருடைய தகப்பனார் மரப்படகு ஒன்று கட்டினார், ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிப் போக. ஒரு புயல் வந்து அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது. அதை ஒட்டியே, பாம்பன் பாலம் ரயிலோடும் பயணிகளோடும் இடிந்து விழுந்தது என்று ஒரு வரி. கலாம் பிறந்தது 1931. அவருக்கு ஆறு வயசு என்றால் 1937 வாக்கில். ரயிலைக் கடல் கொண்டது 1964-ல், அப்போது அவருக்கு முப்பத்து மூன்று. "அந்த ரயிலு பாலத்தைத் தாண்டிருச்சு தாயி. தனுஷ்கோடிய நெருங்குறப்பதான் தண்ணி வந்துச்சு" என்றார் அப்பா. அந்தப் புயலில் பாலத்தின் தூலங்களும் போயின, அதை இரண்டு மாதத்துக்குள் திரும்பக் கட்டினார்கள். ஆனால் ரயில் போன இடம் வேறு. இரண்டு புயலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நாட்டுக்கே பிள்ளையானவர், எங்கள் கடற்கரைக்காரர். அவர் புத்தகத்தில் இந்த இடத்தில் பதிப்பாளர்கள் ஓர் அடிக்குறிப்பு போட்டால் நல்லது. பிள்ளைகள் இதை வரலாறு என்றுதான் படிக்கிறார்கள்.

அப்புறம் எடுத்தது எங்கள் வீட்டுக்கே எழுதினது போன்ற புத்தகம். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்தவர். 1914-ல் 'தி சேக்ரட் சாங்க் ஆஃப் இந்தியா' என்று சங்கைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். பழைய புத்தகம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செல்போனில் அகராதியும் கையுமாக, ஒரு பத்தி படித்து, அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லி, அடுத்த பத்திக்குப் போனேன். மூன்று வாரம் ஆனது.

படகு முதலாளியான சம்மாட்டி எடை போட்டு வாங்குவதோடு அப்பாவுக்குச் சங்கின் கதை முடிந்துவிடும். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. "கல்கத்தாவுக்குப் போகுது" என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஹார்னெல் அந்தச் சங்கின் பின்னாலேயே வங்காளத்துக்குப் போகிறார். டாக்காவில் சங்கு அறுப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு சமூகம் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, சங்கைக் காலால் அண்டைகொடுத்து, பிறை வடிவத்தில் இருக்கும் பெரிய இரும்பு ரம்பத்தை இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் ஆட்டி அறுக்கிறார்கள். வட்டம் வட்டமாக வந்ததை ராவி, செதுக்கி, வளையலாக்குகிறார்கள். கல்யாணமான வங்காளப் பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையல் அதுதான்.

இதைச் சொன்னதும் அப்பா எழுந்து உள்ளே போனார். நிலைப்படி பக்கத்தில் ஒரு சங்கு கிடக்கும், விற்காமல் வைத்திருந்தது. அதை எடுத்து வந்து மடியில் வைத்து, நுனியிலிருந்து வாய் வரை நகத்தால் குறுக்கே குறுக்கே கோடு இழுத்தார். "இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இதுக்கு மேல சுழி உள்ள வந்துரும்." மறுபடி எண்ணினார். "பெருஞ்சங்கா இருந்தா நாலு வரும்." அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் வடக்கத்திப் பெண்கள் கும்பலாக வந்து குளிப்பதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். அதில் சிலர் கையில் வெள்ளை வளையல் இருக்கும், அதைத் தந்தம் என்று நினைத்திருந்தாராம். "நம்ம கடலுச் சங்கு, கைல ஏறி நம்ம கடலுக்கே வந்துருக்கு பாரு" என்றார். இந்த ஒரு மத்தியானத்துக்காகவே ஹார்னெலுக்கு நான் கடன்பட்டவள்.

அந்தப் புத்தகத்தின் பலமும் அதுதான். போய்ப் பார்த்து எழுதுகிறார். பழைய தமிழ்ப் பாட்டில் சங்கு அறுப்பவர்கள் வருகிறார்கள் என்றால் அதோடு விடாமல் கொற்கைக்குப் போய் மண்ணில் தேடி, அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டெடுக்கிறார். பார்த்ததும் இருக்கிறது, கேட்டதும் இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாக வைக்கிறார். எனக்குக் குறை ஒன்று உண்டு. அவர் அரசு அதிகாரி. சங்கு எவ்வளவு வரும், வருமானம் எவ்வளவு, விலை எப்படி என்பதிலேயே அவர் கண் இருக்கிறது. குளியாளின் உடம்புக்குப் புத்தகத்தில் இடம் குறைவு. ஆழத்தில் காது அடைத்து, பிறகு 'டப்'பென்று விட்டுப்போகுமே, அந்த நிமிஷம். மேலே வந்ததும் மூக்கில் ரத்தம் வடிவது. தண்ணீர் கலங்கியிருந்தால் மணலில் சங்கு போன தடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடிப்பது. இதையெல்லாம் எழுத வேண்டும் என்றால் அப்பாவிடம் கேட்டு நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.

ரேச்சல் கார்சனின் 'தி சீ அரவுண்ட் அஸ்' 1951-ல் வந்தது. அமெரிக்க மீன்வளத் துறையில் வேலை பார்த்தவர். இதையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன், ஹார்னெலை விட மொழி எளிது. கடல் எப்படி உண்டானது என்பதில் தொடங்குகிறார். ஆரம்பத்திலேயே, அதைப் பார்த்த சாட்சி யாரும் கிடையாது, பல இடத்திலிருந்து கோத்துத்தான் சொல்கிறேன், சில பகுதியை ஊகிக்கத்தான் முடியும் என்று சொல்லிவிடுகிறார். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா தலையாட்டினார். பூமியிலிருந்து பிய்ந்துபோனதுதான் சந்திரன், அந்தப் பள்ளம்தான் பசிபிக் கடல் என்று அப்போதிருந்த ஒரு கருத்தை அங்கே எழுதியிருக்கிறார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனாலும் புத்தகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. தனக்குத் தெரிந்தது எதுவரை என்று கோடு கிழித்துவிட்டுத்தான் எழுதுகிறார்.

ஏற்ற இறக்கத்தைப் பற்றிய அத்தியாயம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடியது. கனடாவில் ஃபண்டி வளைகுடாவில் தண்ணீர் ஐம்பது அடி வரை ஏறி இறங்கும் என்றதும் அப்பா நம்பவே இல்லை. எங்கள் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கே இரண்டு, மூன்று அடிதான். வளைகுடாவின் நீளமும் ஆழமும் அலையின் ஆட்டத்தோடு ஒத்துப்போனால் தண்ணீர் மேலும் மேலும் எழும்பும் என்று காரணம் சொல்கிறார். தவலைத் தண்ணீரை ஒரே தாளத்தில் ஆட்டிக் காட்டினேன், விளிம்பு தாண்டிச் சிந்தியது. சரி, இருக்கும் என்றார்.

அதே அத்தியாயத்தில் ஒரு சின்னப் பச்சைப் புழு வருகிறது. பிரான்ஸ் பக்கத்துக் கடற்கரை மணலில் இருப்பது. தண்ணீர் வற்றினால் மணலுக்கு மேலே வரும், ஏறினால் உள்ளே போய்விடும். அதைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் வைத்தார்கள். அங்கே ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அப்படியும் நாளுக்கு இரண்டு தடவை மேலே வந்து போனதாம். அப்பா அதைக் கேட்டு வெகுநேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போவதை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்று காற்று வாடையா, கச்சானா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார்.

ராமநாதபுரத்து வரலாற்றுக்கு எஸ்.எம். கமால்தான். 'விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்' வாங்கினேன். வந்த பிரதியில் நடுவே பதினாறு பக்கம் இல்லை. விற்றவர்களிடம் சொன்னேன், பதில் வரவில்லை. நல்லவேளை, இவருடைய நூல்கள் நாட்டுடைமையானவை. விட்டுப்போன பக்கங்களைச் செல்போனில் படித்துக்கொண்டேன். முத்துராமலிங்க விஜய ரகுநாத சேதுபதியின் கதை இது. 1772-ல் நவாபின் படையும் கும்பெனிப் படையும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது அவர் சிறுவன், தாயோடு திருச்சிக் கோட்டையில் அடைபட்டார். பிறகு விடுதலையாகி ஆண்டு, 1795-ல் கும்பெனி அவரை மறுபடி பிடித்தது. 1809-ல் சென்னையில் சிறையிலேயே இறந்துபோனார். கட்டபொம்மனைத் தெரியாதவர் இல்லை. சொந்த மாவட்டத்திலேயே இந்தச் சேதுபதியைப் பற்றிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. 1799-ல் முதுகுளத்தூர், கமுதி பக்கம் கும்பெனிக்கு எதிராக எழுந்த மயிலப்பன் சேர்வைக்காரரைப் பற்றியும் இவர் எழுதியதில்தான் படித்தேன். ஆவணக் காப்பகத்துக் கடிதங்களைத் தேடிப் படித்து, எதை எங்கே எடுத்தார் என்று அடியில் குறித்துக்கொண்டே போகிறார். இதற்காகவே இவரை நம்பலாம். வாக்கியங்கள்தான் நீளம். வாய்விட்டு வாசிக்கையில் எனக்கு மூச்சு வாங்கியது. அரசர்களுக்கு அடைமொழி கொஞ்சம் குறைந்திருந்தால் அவர்கள் பட்டது இன்னும் நன்றாக உறைத்திருக்கும். படித்து முடித்த வாரம் ராமநாதபுரம் போய், சேதுபதிகளின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்தேன். சுவர் ஓவியங்களை முன்பும் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை, அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போகப்பட்ட ஒருவரின் வீடு அது என்ற நினைப்போடு நின்றேன்.

இங்கே பதிப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். தமிழில் வரும் இதுபோன்ற நூல்களில் பின்னால் பெயரடைவு பெரும்பாலும் இருப்பதில்லை. மயிலப்பன் வந்த பக்கத்தை மறுபடி பார்க்க நான் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருந்தது. திரும்பப் போய்ச் சரிபார்க்க வழி வைப்பதும் புத்தகத்தின் வேலைதான்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' சின்னப் புத்தகம். இரண்டு, மூன்று பக்கக் கட்டுரைகள். ஒரு நாளில் முடித்துவிடலாம், நான் பத்து நாள் வைத்திருந்தேன். உப்பைப் பற்றிய கட்டுரையை வாலிநோக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டில் வைத்து வாசித்தேன். சித்தி உப்பளத்தில் வேலை செய்தவர், உள்ளங்கால் இன்னும் வெடித்துத்தான் இருக்கிறது. உப்பு என்ற சொல்லுக்கே முதலில் சுவை என்றுதான் பொருள், இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை என்கிறார் தொ.ப. சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்று ஆனது என்கிறார். "அளம்னா உப்பளம்தானே, அப்ப சம்பளத்துல பாதி எங்களுது" என்று சித்தி சிரித்தார். புது வீட்டுக்கு முதலில் உப்பைக் கொண்டுபோவது ஏன் என்று நான் கேட்டதற்கு, அவருக்குத் தெரிந்த வழக்கம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு மணி நேரம் பேசியிருப்போம். கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்ட காது தொ.ப.வுடையது. சில இடத்தில் இன்னும் கொஞ்சம் விரித்து ஆதாரம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். முடிவை மட்டும் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்' நாகலட்சுமி சண்முகம் மொழிபெயர்ப்பில் நன்றாக ஓடுகிறது. அதில் மனிதன் கோதுமையை வளர்க்கவில்லை, கோதுமைதான் மனிதனைத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டது என்று வரும் இடம் யோசிக்க வைத்தது. இன்னோர் இடத்தில், உழவு தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, ஒருவேளை 45,000 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தோனேசியத் தீவுக் கரைகளில் மீன்பிடி ஊர்கள் இருந்திருக்கலாம் என்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தின் முதல் ஊர் கடற்கரையில் இருந்திருக்கலாம்! அதைப் பற்றி இன்னும் சொல்வார் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஓரிரு வரியோடு சரி, வயலுக்குப் போய்விட்டார். பெரிய புத்தகம், விறுவிறுப்பான புத்தகம். ஆனால் அப்பாவின் கேள்விக்கு இதுதான் அதிகம் தடுமாறியது. பத்தாயிரம் வருஷத்தை ஒரு பத்தியில் தாண்டும்போது, எது நிச்சயம், எது அவருடைய எண்ணம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாதியில் அப்பா தூங்கிவிட்டார், நான் தனியாகத்தான் முடித்தேன்.

கடைசியில் எடுத்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக எழுதி, 1942-ல் அவர் இறந்ததால் முடியாமல் நின்றுபோனது. இவ்வளவு பழைய தமிழ் வாய்விட்டு வாசிக்க எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பேசுகிற மூச்சிலேயே எழுதியிருக்கிறார். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் பார்க்கப் போகும் இடம் வந்தது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா என்கிறார். இவர் அவற்றைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அதை அப்படியே ஒத்துக்கொண்டு எழுதுகிறார். அப்புறம் ஏடு தேடி, பொருள் புரியாத இடத்துக்கெல்லாம் கும்பகோணத்துச் சமணர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு, 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பிக்கிறார். எந்த ஏடு எந்த வீட்டில் கிடைத்தது, எந்தச் சொல்லுக்குப் பொருள் யார் சொன்னார் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். அப்பா ஒரு தடவைகூட நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.

ஜூன் 10-ம் தேதியே ஐஸ் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். படகு கிளம்புவதற்குள் பார் உறைந்து நிற்க வேண்டுமே. 'என் சரித்திரம்' பாதியில் இருக்கிறது, பக்கத்தில் மின்கட்டண ரசீதை அடையாளம் வைத்திருக்கிறேன். விசைப்படகு போகாத நாட்களில் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நேற்றுக்கூட நான் உள்ளே நுழைந்ததும், ஐயர் அந்த ஏட்டை வாங்கினாரா, இல்லையா என்று கேட்டார்.